தைராய்டு புற்றுநோய் மறுபரிசோதனை: ஸ்கேனில் தெரியும் புள்ளி எப்போது நம்மை ஏமாற்றுகிறது?

வெரூலம் வாசி எழுதியது:

அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரே இழையில் பேசிவிடலாம் என்று தொடங்குகிறேன். பாப்பில்லரி என்ற தைராய்டு புற்றுநோய் வகை. தைராய்டை முழுதாக எடுத்து, அயோடின்-131 என்ற கதிர் அயோடினும் கொடுத்து ஓராண்டு ஆன ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு ஸ்கேன் அறிக்கையில் 'மார்பின் நடுவே அயோடின் பிடிப்பு, பரவலாக இருக்கலாம்' என்று வருகிறது; அதாவது அங்கே அயோடின் சேர்ந்திருக்கிறது, புற்றுநோய் பரவியிருக்கலாம். ரத்தத்தில் தைரோகுளோபுலின் (தைராய்டுத் திசு உண்டாக்கும் புரதம்) 0.1க்கும் கீழே. டர்பனில் ஒரு மருத்துவர் இன்னொரு முறை அயோடின் கொடுக்கலாம் என்கிறார், மற்றவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். இந்த நிலையில் எதை முதலில் கேட்க வேண்டும்? பொதுவான ஆறுதல் வேண்டாம். எந்தப் படம், எந்த எண், எந்த வரிசை என்று சொல்லுங்கள்.

காமாகேமரா எழுதியது:

மார்பு நடுவே பிடிப்பு என்றால் முதலில் உணவுக்குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி அயோடினை இழுத்து உமிழ்நீரில் விடும். அதை விழுங்கும்போது குழாயில் கொஞ்சம் தங்கிவிடும். படத்தில் அது மேலிருந்து கீழாக, மெல்லிய கோடாகவோ ஒற்றைப் புள்ளியாகவோ தெரியும். வழி எளிது: இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு துண்டு ரொட்டியும் கொடுத்து, சிறிது நடக்கவிட்டு அதே இடத்தை மறுபடி படமெடுக்க வேண்டும். மறைந்தால் உமிழ்நீர். இதைச் செய்யாமலே அறிக்கை எழுதப்பட்டிருந்தால் அதைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

அடுத்தது தைமஸ் என்ற நோய் எதிர்ப்புச் சுரப்பி. இளம் வயதினரிடம் மார்பெலும்புக்குப் பின்னால் பரந்த, மங்கலான பிடிப்பாக அது வரும். நோய் என்றால் பெரும்பாலும் கூர்மையான புள்ளியாக, ஒரு பக்கம் ஒதுங்கி, சி.டி.யில் அதற்கு ஈடான ஒரு கட்டியோடு இருக்கும். ஸ்பெக்ட்-சி.டி. (கதிர்ப் பிடிப்பை முப்பரிமாணத்தில் சி.டி.யோடு பொருத்திக் காட்டும் படம்) எடுத்துவிட்டால் முக்கால்வாசிச் சண்டை அதிலேயே தீரும். தட்டைப் படத்தை மட்டும் பார்த்து 'பரவல்' என்று எழுதுவது என் பார்வையில் அவசரம்.

பிறகு அழுக்கு. சிறுநீர், உமிழ்நீர், வியர்வை, மூக்குச்சளி எல்லாவற்றிலும் அயோடின்-131 வெளியேறும். சட்டைப் பையில் மடித்து வைத்த கைக்குட்டை மார்பில் ஒரு 'கட்டியை' உண்டாக்கும். தலைமுடியில் பட்ட உமிழ்நீர் மண்டை எலும்பில் 'பரவலை' உண்டாக்கும். உள்ளாடையில் சொட்டிய சிறுநீர் இடுப்பெலும்புக்குப் போய்விடும். முன்னிருந்தும் பின்னிருந்தும் எடுத்த படங்களை ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பளிச்சென்று இருந்து மறுபக்கம் மங்கினால் அது தோலுக்கு அருகிலோ துணியிலோ இருக்கிறது. துணி மாற்றி, அந்த இடத்தைச் சோப்பால் கழுவி, மறுபடம்.

செம்பருத்தி கேட்டது:

அண்ணே, கழுத்தில் ஆறு முனை உள்ள நட்சத்திரம் போல வந்தால்? மேலும் கல்லீரல் முழுக்கப் பிடித்திருக்கிறது என்று ஓர் அறிக்கையில் கண்டேன்.

காமாகேமரா எழுதியது:

நட்சத்திரம் கருவியின் வேலை, தங்கச்சி. அயோடின்-131 வெளியிடும் முக்கிய காமாக் கதிர் 364 கிலோ எலக்ட்ரான்வோல்ட்; கூடவே 637இல் ஒரு சிறு பங்கும் உண்டு. கேமராவின் முன்னால் உள்ள ஈயத்தட்டில் அறுகோணத் துளைகள். கழுத்தில் மிச்சத் திசு அதிகமாகப் பிடித்தால் கதிர் துளைச்சுவரை ஊடுருவி ஆறு திசையில் கால் நீட்டும். அதன் கால்கள் மார்பு மேலும் தாடை மேலும் விழுந்து புதுப் புள்ளி போலக் காட்டும். அதைவிட மோசம், பக்கத்தில் உண்மையாகவே இருக்கும் சின்ன நிணநீர்க்கணுவை மூடிவிடும். அதற்கு ஸ்பெக்ட்-சி.டி. அல்லது ஊசித்துளைத் தடுப்பான் வைத்து எடுத்த படம் வேண்டும்.

கல்லீரல் முழுவதும் சீராகப் பிடித்திருந்தால், சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்கேனில் அது எதிர்பார்க்கக் கூடியது. உடலில் உள்ள தைராய்டுத் திசு அயோடினைச் சேர்த்துச் செய்த ஹார்மோனைக் கல்லீரல் உடைக்கிறது, அவ்வளவே. ஒரு ஓரத்தில் தனிப் புள்ளி என்றால் கதை வேறு: கல்லீரல் நீர்ப்பை, பித்தப்பை, குடல் என்று இடம் பார்க்க வேண்டும். சிறுநீரக நீர்ப்பை, சூலக நீர்ப்பை, மூச்சுக்குழல் விரிந்த பழைய நுரையீரல், பல் வேரில் சீழ், பால் கொடுக்கும் மார்பகம் எல்லாம் அயோடினைப் பிடிக்கும்.

குப்பிக்காரர் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் தொடக்கத்திலேயே '0.1க்கும் கீழே' என்ற எண்ணை எல்லாரும் கண்மூடி எடுத்துக்கொண்டீர்கள். கூடவே தைரோகுளோபுலின் எதிர்ப்பான் (அந்தப் புரதத்துக்கு எதிராக உடலே உண்டாக்கும் பொருள்) எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

வழக்கமான ஆய்வகச் சோதனையில் இரண்டு பிடிப்பான்கள் தைரோகுளோபுலினை இருபுறமும் கவ்வ வேண்டும். நோயாளியின் சொந்த எதிர்ப்பான் அதை முன்பே மூடியிருந்தால் கவ்வ இடமில்லை. எண் பொய்யாகக் குறைந்து வரும். அதனால் எதிர்ப்பான் உள்ளவரிடம் '0.1க்குக் கீழே' என்பது ஒன்றும் சொல்லாத எண். அவர்களிடம் எதிர்ப்பானின் போக்கையே பார்க்க வேண்டும். நோய் இல்லாவிட்டால் வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். திரும்ப ஏறினால் கழுத்து அல்ட்ராசவுண்டுக்கு அனுப்புங்கள். எதிர்ப்பான் இல்லாதவரிடம், தைராய்டை எடுத்து அயோடினும் கொடுத்த பிறகு, ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 0.2க்குக் கீழோ, தூண்டிய நிலையில் (டி.எஸ்.எச். என்ற தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை ஏற்றிப் பார்க்கும்போது) 1க்குக் கீழோ இருந்தால், கழுத்துப் படமும் சுத்தமாக இருக்கும் பட்சத்தில், சிறந்த பலன் என்று 2015இன் அமெரிக்கத் தைராய்டு சங்க வழிகாட்டி சொல்கிறது.

இங்கே ஆய்வகங்கள் மைக்ரோகிராம்/லிட்டர் என்று எழுதினாலும் நானோகிராம்/மில்லி என்று எழுதினாலும் எண் ஒன்றே, குழம்ப வேண்டாம். ஆனால் ஆய்வகம் மாறினால் முறை மாறும். அரசு மருத்துவமனையில் என்.எச்.எல்.எஸ். (அரசின் தேசிய ஆய்வகச் சேவை) எண்ணையும், அடுத்த முறை தனியாரில் எடுத்த எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்து 'ஏறிவிட்டது' என்று பயப்படுவதே நான் அதிகம் பார்க்கும் கோளாறு. ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் பாருங்கள். மாற வேண்டிய கட்டாயம் வந்தால், மாறும் தறுவாயில் ஒரே ரத்தத்தை இரு முறையிலும் சோதித்துப் புதிய அடித்தளம் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பயோட்டின் என்ற வைட்டமின். முடி, நகம் வளர்க்கும் மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். ஸ்ட்ரெப்டவிடின்-பயோட்டின் பிணைப்பில் இயங்கும் கருவிகளில் இது டி.எஸ்.எச்.சையும் தைரோகுளோபுலினையும் குறைத்துக் காட்டி, எதிர்ப்பானை உயர்த்தியும் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது இரண்டு நாள் நிறுத்துங்கள். அதிக அளவு எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மேலும் சில நாட்கள்.

வெரூலம் வாசி கேட்டது:

எண் பொய்யாக உயர்ந்தும் வருமா?

குப்பிக்காரர் எழுதியது:

வரும். ஹெட்டரோஃபில் எதிர்ப்பான் என்று ஒன்று இரு பிடிப்பான்களையும் தானே இணைத்துவிடும். தைரோகுளோபுலின் இல்லாமலே 15, 20 என்று எண் வரும். இதன் அடையாளம்: டி.எஸ்.எச். உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் எண் அசையாது, எந்தப் படத்திலும் ஒன்றும் இல்லை. ரத்தத்தை 1:2, 1:4, 1:8 என்று நீர்த்துப் பாருங்கள். உண்மையான பொருளாக இருந்தால் எண் அதே விகிதத்தில் இறங்கும், இல்லாவிட்டால் தாறுமாறாக இறங்கும். அந்த எதிர்ப்பானை மடக்கும் தடுப்புக் குழாயில் வைத்துப் பார்க்கலாம், வேறு தயாரிப்பாளரின் கருவியிலும் ஓட்டலாம். இந்தச் சோதனை செய்யாமல் 100 மில்லிகியூரி கதிர் அயோடினை விழுங்க வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மல்லிகை எழுதியது:

இதுவரை இல்லாததை இருப்பதாகக் காட்டுவதைப் பேசினீர்கள். இருப்பதை இல்லாததாகக் காட்டுவதையும் சொல்லுங்கள். தைரோகுளோபுலின் ஏறுகிறது, அயோடின் ஸ்கேன் சுத்தம். உடனே 'கட்டி அயோடின் பிடிக்காத வகைக்கு மாறிவிட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன், உடலில் ஏற்கெனவே அயோடின் நிரம்பி வழிகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பெரிய காரணம் சி.டி. ஸ்கேனுக்குப் போட்ட சாயம். அதைப் போட்டபின் குறைந்தது 6 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். அமியோடரோன் என்ற இதய மாத்திரை என்றால் மாதக்கணக்கு. காயத்துக்குத் தடவும் போவிடோன்-அயோடினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் சிறுநீரில் அயோடின் அளவு பாருங்கள்.

உணவு விஷயம் நம்மவருக்கு ஒரு தனிச் சிக்கல். தென்னாப்பிரிக்காவில் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது 1995 முதல் கட்டாயம். புரட்டாசி விரதம் இருப்பவர் 'மீனும் கறியும் தொடவில்லை, அயோடின் எங்கிருந்து வரும்' என்பார். ஆனால் பால், தயிர், மோர், பால் இனிப்பு எல்லாம் அயோடின் தரும். முட்டை மஞ்சள் கருவிலும் உண்டு. உப்பு போட்ட ஊறுகாய், கடை ரொட்டி, மசாலாப் பொட்டலம் எதில் எந்த உப்பு என்று தெரியாது. கல் உப்பு என்றாலே அயோடின் இல்லை என்று எண்ணாதீர்கள். பொட்டலத்தில் 'அயோடின் சேர்க்காதது' என்று இருந்தால் மட்டும். நாளுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே, ஒன்று முதல் இரண்டு வாரம். அரிசி, வீட்டில் செய்த கத்தரிக்காய்க் குழம்பு, அயோடின் இல்லாத உப்பு, பழம் என்று போனால் போதும். கருவாட்டைக் கையால் தொடவும் வேண்டாம் என்று சொல்வேன், அதிகம் பேசியதாக நினைத்தாலும் பரவாயில்லை!

காமாகேமரா எழுதியது:

மல்லிகை அக்கா சொன்னதோடு ஒரு துளி. டி.எஸ்.எச். 30க்கு மேல் ஏறியதா என்று பாருங்கள். மாத்திரையை மூன்று, நான்கு வாரம் நிறுத்தி ஏற்றலாம், அல்லது தைரோட்ரோபின் ஆல்ஃபா (செயற்கை டி.எஸ்.எச்.) 0.9 மி.கி. ஊசியை அடுத்தடுத்து இரண்டு நாள் போடலாம். ஊசி வழியில் மூன்றாம் நாள் அயோடின், ஐந்தாம் நாள் ஸ்கேனும் தைரோகுளோபுலின் ரத்தமும். ரத்தத்தை மூன்றாம் நாளே எடுத்து 'தூண்டியும் உயரவில்லை' என்று எழுதிய அறிக்கை எதற்கும் உதவாது. நாளைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

செம்பருத்தி கேட்டது:

அயோடின் ஸ்கேன் சுத்தம், தைரோகுளோபுலின் 10க்கு மேல் என்றால் பெட்-சி.டி. போடச் சொல்கிறார்களே. நம் ஊரில் அதை நம்பலாமா? காசநோய் இவ்வளவு இருக்கிறதே.

ஊசிமுனை எழுதியது:

சரியான கேள்வி. பெட்டுக்குப் போடும் எஃப்.டி.ஜி. சர்க்கரை போன்ற கதிர் மருந்து; சர்க்கரையை அதிகம் தின்னும் செல்லைக் காட்டும், அது புற்றுநோயா காசநோயா என்று சொல்லாது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டாலில் கழுத்துக்கணு ஒன்று பிரகாசித்தால் இரண்டையும் ஒருசேர எண்ண வேண்டும். அறிக்கையில் உள்ள பிரகாச எண்ணைப் பார்த்தும் பிரிக்க முடியாது. காசநோயும் புற்றுநோயும் ஒரே அளவில் பிரகாசிக்கும். எச்.ஐ.வி. கட்டுப்படாத நிலையிலும் கணுக்கள் பரவலாகத் தெரியும்.

நுரையீரலில் இன்னும் சிக்கல். பாப்பில்லரி புற்றுநோய் பொடிப்பொடியாகத் தூவியது போல நுரையீரலில் பரவும். மிலியரி காசநோயும் அதே உருவம். சி.டி. பார்த்த வார்டு மருத்துவர் காசநோய் மருந்தை ஆறு மாதம் ஓட்டிவிடும் அபாயம் உண்டு. அப்போது தைரோகுளோபுலின் உயர்வும், அயோடின் ஸ்கேனில் இரு நுரையீரலிலும் சீரான பிடிப்பும் சேர்ந்தால் பரவல் பக்கம் சாயும். எதிர்த் தவறும் உண்டு: பழைய காசநோயால் விரிந்த மூச்சுக்குழல் ஓரிடத்தில் அயோடினைப் பிடித்து, தைரோகுளோபுலின் இல்லாமலே 'நுரையீரல் பரவல்' என்று காட்டும். சளியை ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற காசநோய்க் கிருமிச் சோதனைக்கு அனுப்புவதில் செலவு குறைவு, நேரமும் குறைவு. ஆனால் மிலியரி வகையில் சளி எதிர்மறையாக வந்துவிடுவதும் வழக்கம். அதனால் 'இல்லை' என்று வந்ததைக் கொண்டு புற்றுநோய் என்று முடிக்காதீர்கள்.

பெட்டில் இன்னொரு வேடிக்கை குரல் நாண். அறுவையில் இடது குரல் நரம்பு அடிபட்டிருந்தால் இடது நாண் அசையாது. வலது நாண் இரட்டை வேலை செய்து எஃப்.டி.ஜி.யை அள்ளும். அறிக்கையில் 'வலப்புறக் குரல்வளையில் கட்டி' என்று வரும், உண்மையில் கோளாறு மறுபக்கம். அறுவைக் குறிப்பையும், குரல் கரகரப்பையும் கேட்டாலே தெரிந்துவிடும். மருந்து செலுத்திய ஒரு மணி நேரம் பேசாமல், மென்று தின்னாமல் இருக்கச் சொல்வது இதற்காகத்தான். கைப்பேசியில் மகளுக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மாவை நிறுத்த வேண்டும். குளிரில் கழுத்தோரப் பழுப்புக் கொழுப்பும் பளிச்சிடும். டர்பனில் வெயிலாக இருந்தாலும் ஸ்கேன் அறையின் ஏ.சி. அதைச் செய்யும். போர்வை தாருங்கள். ரத்தச் சர்க்கரை 11 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் கட்டியே மங்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை குடலைப் பிரகாசிக்க வைக்கும். நிறுத்துவது மருத்துவர் முடிவு.

வெரூலம் வாசி கேட்டது:

அப்படியானால் கணுவில் ஊசி குத்திச் செல் எடுத்து முடிவு செய்வது எப்போது?

ஊசிமுனை எழுதியது:

கழுத்து அல்ட்ராசவுண்டில் கணுவின் நடுவே கொழுப்புக் கோடு இருந்து நீள்வட்டமாக இருந்தால் பெரும்பாலும் சாதாரணம். உருண்டையாகி, கோடு மறைந்து, உள்ளே பொடிச் சுண்ணாம்போ நீர்ப்பையோ, ஓரத்தில் ரத்த ஓட்டமோ இருந்தால் சந்தேகம். குறுக்களவு 8 முதல் 10 மி.மீ. ஆனால்தான் ஊசி, அதைவிடச் சிறியதைப் பார்த்துக்கொண்டு இருப்பதே நல்லது. தைராய்டு இருந்த இடத்தில் தெரியும் சின்னக் கருமை பெரும்பாலும் தையல் நூலைச் சுற்றிய தடிப்பு, தழும்பு, அல்லது பாராதைராய்டு. மாறாமல் இருந்தால் விட்டுவிடலாம்.

ஊசி எடுத்தால் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று செல் பார்ப்பது. மற்றது, அதே ஊசியை 1 மில்லி உப்புநீரில் கழுவி அதில் தைரோகுளோபுலின் பார்ப்பது. தைராய்டு எடுத்தவரிடம் இது 10 நானோகிராமுக்கு மேல் என்றால் நோய் பக்கம் பலமாகச் சாயும். காசநோய்க் கணுவில் செல் மட்டும் பார்த்தால் இரண்டும் குழம்பும். கழுவிய நீரும் ஜீன்எக்ஸ்பெர்ட்டும் பிரித்துக் கொடுக்கும். ஊசி குத்திய பின் ரத்தத் தைரோகுளோபுலின் தற்காலிகமாக ஏறலாம். ரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு ஊசிக்குப் போங்கள்.

குப்பிக்காரர் எழுதியது:

கழுவிய நீருக்கு ஆய்வகத்திடம் முன்பே சொல்ல வேண்டும். சீரம் என்று எழுதி அனுப்பினால் முறை ஒத்துவராது, குப்பியைத் திருப்பி அனுப்புவார்கள். 'நிணநீர்க்கணு ஊசிக் கழுவல், உப்புநீர் 1 மில்லி' என்று எழுதுங்கள்.

வெரூலம் வாசி கேட்டது:

எல்லாப் படமும் சுத்தம், தைரோகுளோபுலின் மட்டும் ஏறுகிறது. சந்தேகத்துக்கு 100, 150 மில்லிகியூரி கொடுத்துப் பிந்தைய ஸ்கேனில் பார்க்கலாம் என்கிறார்கள். சரியா?

காமாகேமரா எழுதியது:

வேகமாக ஏறி, ஓராண்டுக்குள் இரட்டித்து, அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் பெட்டும் காட்டாதபோது அதை யோசிப்பார்கள். கொடுத்து 5 முதல் 7 நாளில் எடுக்கும் படத்தில் எங்கும் பிடிப்பு இல்லாவிட்டால், அதற்கு மேல் அயோடினைக் கொட்டுவதில் பயன் இல்லை. வாய் உலர்வும் சுரப்பி வீக்கமும்தான் மிஞ்சும். சின்ன அளவு அயோடின் கொடுத்த ஸ்கேனில் தெரியாதது பெரிய அளவில் தெரியவும் கூடும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஊசிமுனை எழுதியது:

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மெல்ல ஏறும் 1, 2 என்ற எண்ணுக்கு அயோடின் கொடுப்பதைவிட ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுத்து அல்ட்ராசவுண்ட் பார்ப்பதே நல்லது. கண்ணுக்குத் தெரிந்த கணுவை அறுவை செய்யலாம்; தெரியாததைக் கதிரால் துரத்துவது பெரும்பாலும் வீண்.

வெரூலம் வாசி எழுதியது:

நன்றி. முதல் கேள்விக்குத் திரும்பினால்: எதிர்ப்பான் இல்லை, பயோட்டின் இல்லை, 0.1க்குக் கீழே என்றால்?

காமாகேமரா எழுதியது:

தண்ணீர் குடித்த பின் மறுபடம், பிறகு அதே நாளில் ஸ்பெக்ட்-சி.டி. உணவுக்குழாயோ தைமஸோ என்று தெரிந்தால் மறு அயோடின் வேண்டாம். சி.டி.யில் ஈடான கட்டி இருந்தால் மட்டும் ஊசிமுனை சொன்ன வழி. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எழுத்து அறிக்கை போதாது. படத்தை வட்டில் வாங்கிக்கொண்டு போங்கள். கூடவே இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: அயோடின் கொடுத்த தேதியும் அளவும், ஸ்கேன் எத்தனை நாள் கழித்து எடுக்கப்பட்டது, அன்றைய டி.எஸ்.எச்., தைரோகுளோபுலின், எதிர்ப்பான், சோதித்த ஆய்வகத்தின் பெயர், கடைசியாகச் சாயம் ஏற்றிய சி.டி. தேதி, முன்பு காசநோய் இருந்ததா, குரல் நரம்பு அடிபட்டதா. மருத்துவர் முதலில் கேட்பது அன்றைய டி.எஸ்.எச்.தான், அதைத் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.